இருபத்தைந்து ராத்தல்

கோயமுத்தூர், சுக்கிரவாரப்பேட்டை
3—1—1935

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மருதாசலம் கும்பிட்டு எழுதுவது. நானும் சாந்தாமணியும் சுகம். மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா?

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அக்கா. சத்தியமங்கலத்துக்கு மேலே, திம்பம் தாண்டித் தலமலைக் காட்டில் சர்வே எடுக்க ஒரு பார்ட்டி போகிறது. அதில் படம் வரைகிற ஆளுக்கு உதவியாள். தையில் ஏறினால் வைகாசியில்தான் இறங்குவோம். ஐந்து மாதமும் கூடாரத்தில்தான். நீங்கள் ஒப்பாரியை ஆரம்பிக்கும் முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

கழுதைகள் கருவிகளையும் அரிசியையும் சுமக்கும். நம் சாமானை நாமே சுமக்க வேண்டும். ஆளுக்கு இருபத்தைந்து ராத்தல், அவ்வளவுதான். புறப்படுகிற அன்றைக்குத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கரண்டி அதிகம் இருந்தாலும் ஸ்டோர்கீப்பர் அப்துல் வஹீது சாயபு எடுத்து வெளியே வைத்துவிடுவாராம். பதினெட்டு வருஷம் காட்டில் திரிந்த மனிதர். அவரிடம் போய், எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். "கொயினா மொதல்ல. நெருப்புக்குச்சி ரெண்டாவது. உப்பு மூணாவது. சோறு பொறவு பாத்துக்கலாம். சம்சாரத்தோட போட்டோ இருந்தா அதையும் வெச்சுக்குங்க, கனமில்ல" என்றார்.

அதன்படி நானும் சாந்தாவும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கம்பளி ஒன்று. கொசுவலை ஒன்று. தூக்குப்போசி ஒன்று, அதிலேயே சமையல், அதிலேயே சாப்பாடு. மெழுகு தடவின டப்பாவில் தீப்பெட்டி. அரிவாள், பத்து முழக் கயிறு, ஊசி நூல், உப்பு, அட்டை ஒட்டாமலிருக்கக் காலில் தேய்க்கப் புகையிலை. மலைக்காய்ச்சலுக்குத் தபாலாபீசில் விற்கிற கொயினாவில் இருபது பொட்டலம் வாங்கி, சாந்தா ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். இதற்கே இருபத்திமூன்று ராத்தல் வந்துவிட்டது.

ஆகையால் உங்களுக்கு ஒரு விண்ணப்பம். வழியனுப்ப வாருங்கள், வெறுங்கையோடு வாருங்கள். தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் கொண்டுவந்த சாமானுக்குக் குதிரை வண்டிக்காரன் போட்ட சத்தம் இந்தத் தெருவில் இன்னும் கேட்கிறது.

தங்கள் தம்பி,
மருதாசலம்

*

வெள்ளகோவில்
8—1—1935

சிரஞ்சீவி தம்பிக்கு அக்காள் ராசாத்தாள் ஆசீர்வாதம். வீரக்குமாரசாமி புண்ணியத்தில் இங்கே மச்சானும் பையனும், மாடு எருமை என்று பண்டம்பாடிகளும் சுகம். கிணற்றில் ஆறு முழம் தண்ணீர் நிற்கிறது.

உன் கடிதத்தை மச்சான் படித்துக் காட்டினார். இதை அவர் எழுதவில்லை, நானேதான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு படித்தது இப்போதாவது உதவட்டும்.

என்னடா திட்டம் இது? ஐந்து மாதத்துக்கு ஒரே போசியா? நம் தோட்டத்து நாய்க்குக்கூட இரண்டு சட்டி இருக்கிறது. கம்பளி உடம்பில் குத்தும். பவானி ஜமக்காளம் ஒன்று புதுசாக இருக்கிறது, கொண்டுவருகிறேன். முறுக்கு ஒரு டின் சுடுகிறேன். தராசுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எல்லாம் போகட்டும். அந்தக் கொயினாவை மட்டும் தொடாதே, கண்ணு. எங்கள் ஊர் வைத்தியரிடம் கேட்டேன். "அது நெருப்பு அம்மணி. காச்சலையும் எரிக்கும், ஆம்பளைக்குப் புள்ளை வித்தையும் கருக்கிப்போடும்" என்றார். வடக்குத் தோட்டத்துக்காரர் மகன் வால்பாறை எஸ்டேட்டில் நாலு வருஷம் அதைத் தின்றான். இன்றுவரை வீட்டில் தொட்டில் இல்லை. உனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. நான் கேட்டால் சிரித்துப்போடுகிறாய். உன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தபோது சபை நடுவே என் கையில் சேலையைக் கொடுத்து என்ன சொன்னாய்? "எனக்குப் பொண்ணு பொறந்தா அக்கா மகனுக்குத்தான்" என்று சொன்னாயா இல்லையா? பொண்ணு எங்கே? என் பையனுக்கு நாலு வயசாகிறது.

காய்ச்சலுக்கு நிலவேம்புப் பொடி போதும். இரண்டு பொட்டலம் கொண்டுவருகிறேன், ஒன்று உனக்கு, ஒன்று சாந்தாமணிக்கு. பொங்கல் நோம்பி முடிந்த மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். நான் வந்து மூட்டை கட்டினால்தான் அது மூட்டை.

அக்காள்,
ராசாத்தாள்

*

கோயமுத்தூர்
25—1—1935

மரியாதைக்குரிய நங்கையா அவர்களுக்குத் தம்பி மனைவி சாந்தாமணி நமஸ்காரம். நான் சுகம். நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ் ஆட்டத்தில் இடுப்பு வலிக்கவில்லையா?

எருமை சினையாக இருக்கிறது என்று நீங்கள் காலையிலேயே புறப்பட்டுவிட்டீர்கள். மத்தியானமே உங்கள் தம்பியின் மூட்டையைத் தராசில் வைத்தார்கள். நானும் கூடப் போனேன். முப்பத்தொன்று ராத்தல் இருந்தது! அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சாயபு ஜமக்காளத்தை முதலில் எடுத்தார், அடுத்து பித்தளைச் செம்பை. முறுக்கு டின்னைத் திறந்து, "இது சாமானில்லீங்க, சாப்பாடு. இங்கயே தீத்துப்போட்டா கனம் கொறஞ்சுரும்" என்றார். ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன பேசியிருப்பீர்களோ என்று உங்கள் தம்பி என் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொயினா டப்பாவை மட்டும் சாயபு கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "இருக்குதுங்களா? செரி" என்று கம்பளிக்குள் திரும்ப வைத்தார். திறந்து பார்க்கவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கத்து மாசாணம் என்பவரும் சங்கிலி பிடிக்கிற வேலைக்குப் போகிறார். "அண்ணனை நாம் பாத்துக்கறனுங்க, அழுகாதீங்க" என்று என்னிடம் சொன்னார். நான் அழவில்லை. லாரி திரும்புகிற வரைக்கும் அழவில்லை.

நீங்கள் இரண்டு நாள் மூட்டையைப் பிரித்துப் பிரித்துக் கட்டினீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு நாளும் எனக்குத் தலை கிறுகிறுப்பாக இருந்தது. இப்போதும் சோற்று வாசனையே பிடிக்கவில்லை. பித்தம் என்று நினைக்கிறேன்.

தங்கள்,
சாந்தாமணி

*

தலமலைக் காடு, முகாம்
14—2—1935

அக்காவுக்கு மருதாசலம் கும்பிடு. நான் கல்லுமாதிரி இருக்கிறேன். தபால் வாரம் ஒரு தடவை கீழே போகிறது. அங்கே எல்லோரும் சௌக்கியமா?

இங்கே வந்த பிறகுதான் எந்தச் சாமான் மனிதன், எது வெறும் கனம் என்று தெரிகிறது. கயிறு தெய்வம். மூங்கிலைக் கட்டிக் கட்டில் செய்ய, கழுதையைப் பிடிக்க, ஓடை தாண்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். புகையிலை நான் நினைத்த அளவுக்கு இல்லை. அட்டைக்கு உப்புதான் சரி. கம்பளி பன்னிரண்டு ராத்தல் இருந்தாலும் சுமந்திருப்பேன், அப்படிக் குளிர். காலையில் விரல் மடங்காது. சாப்பாடு களியும் கொள்ளும். ஒரே போசி போதும், அக்கா. உங்கள் நாய் என்னைவிட வசதியாக இருக்கிறது, உண்மைதான்.

போன திங்கட்கிழமை கொயினா டப்பாவைத் திறந்தேன். உள்ளே பச்சையாய் ஒரு பொடி. மோந்து பார்த்ததும் நாக்கெல்லாம் கசந்தது. கொயினாவில் ஒரு பொட்டலம்கூட இல்லை. பொட்டலத்தின் மேல் போட்டிருந்த முடிச்சு உங்கள் முடிச்சு. கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பலே கைகாரி!

பயப்படும்படி ஒன்றுமில்லை. வாரம் இருமுறை சாயபு எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்ட்டி டப்பாவிலிருந்து கொயினா கொடுக்கிறார். ஆனாலும் என் பங்காகக் கையில் கொஞ்சம் இருக்கட்டும். நீங்கள் அதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். தபாலில் அனுப்பிவிடுங்கள். சாந்தாவுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, ஆனால் லேசில் தீராது. நீங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

தம்பி,
மருதாசலம்

*

வெள்ளகோவில்
23—2—1935

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். சிவப்பு எருமை ஈன்றிருக்கிறது. கிடாரி.

ஆமாம், நான்தான் எடுத்தேன். சாந்தாமணி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எடுத்ததில் என்ன தப்பு? எனக்கு நீ ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னை இந்த இடுப்பில்தான் வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் குடும்பம் தழைக்க வேண்டும் என்று நான் நினைக்காமல் வேறு யார் நினைப்பது?

ஆனால் நீ அங்கே வரிசையில் நின்று அந்த விஷத்தை விழுங்கிக்கொண்டு இருக்கிறாயே! அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். இதோ பார், என் தலைமேல் ஆணை. ஊர் திரும்புகிற வரை கொயினாவைத் தொடக்கூடாது. தொட்டால் நீ என்னை உசிரோடு பார்க்கமாட்டாய். நிலவேம்பைக் காய்ச்சிக் குடி. நீயேதான் கல்லுமாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறாய். அது எதனால்? நிலவேம்பினால்தான்.

பொட்டலமெல்லாம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அனுப்பமாட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

அக்காள்,
ராசாத்தாள்

*

முகாம்
17—3—1935

அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஒன்றுவிட்டு ஒரு நாள் நடுக்கம் வருகிறது. கம்பளி, கொசுவலை, மாசாணத்தின் கம்பளி, மேலே இரண்டு சாக்கு, எல்லாவற்றையும் போட்டாலும் பல் அடித்துக்கொள்கிறது. பிறகு ஒரே எரிச்சல், பிறகு வேர்வை. அதற்கப்புறம் ஒரு நாள் நல்ல மனிதனாக இருக்கிறேன். இது நல்ல நாள்.

உங்கள் ஆணையை மீறவில்லை, அக்கா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? சாந்தா வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் கோயிலில் தொட்டில் கட்டியிருக்கிற மரத்தடியில் அவள் நடை தானாக நின்றுபோகும். நான் கவனிக்காத மாதிரி முன்னால் போய்விடுவேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வரிசையில் நின்று வாங்கி, என் பங்கை மாசாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ஏன் என்று கேட்டான். சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது பதினோரு பேர் படுத்திருக்கிறோம். பார்ட்டி டப்பா காலி. கீழே ஆள் அனுப்பியிருக்கிறார்கள், வர எத்தனை நாளாகுமோ தெரியவில்லை. சாயபு பக்கத்தில் உட்கார்ந்து, "உங்ககிட்ட ஒரு டப்பா இருந்துதேங்க தம்பி, குலுக்கிப் பாத்தனே" என்கிறார். தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொட்டலங்களை அனுப்பிவிடுங்கள். ஆணையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள். சாந்தாவிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு சுகம் என்றே எழுதியிருக்கிறேன்.

மருதாசலம்

*

வெள்ளகோவில்
25—3—1935

என் சாமிக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. எட்டு நாள் வழியில் கிடந்திருக்கிறது. மச்சான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு காங்கேயம் தபாலாபீசுக்கு வண்டி பூட்டிவிட்டார். இருபதும் இருக்கிறது, ஒன்றையும் பிரிக்கவில்லை. ரிஜிஸ்தர் செய்து அனுப்புகிறோம்.

ஆணையை எடுத்துவிட்டேன், கண்ணு. எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன். மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? கோயிலில் போய் நின்று வாய்விட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விழுங்கு. இருக்கிறதையெல்லாம் விழுங்கு. பிள்ளை இல்லாவிட்டால் போகிறது. நீ இரு.

உனக்குப் புத்தி எங்கே போயிற்று? நான் சொன்னால் நீ கேட்டுவிடுவதா? நான் சொன்னதை என்றைக்கு நீ கேட்டிருக்கிறாய்?

அக்காள்

*

கருமத்தம்பட்டி
2—5—1935

நங்கையா அவர்களுக்கு சாந்தாமணி எழுதுவது. என் அம்மா வீட்டில் இருக்கிறேன். உடம்பு நடமாடுகிற அளவுக்கு இருக்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கிறது? கருமாதியன்று நீங்கள் விழுந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வயிற்றில் இருப்பதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பதற்காக அது வழக்கமாம். அம்மா எழுந்து, "மார்கழியிலயே தங்கிருச்சுங்க, இப்ப நாலாவது மாசம்" என்று சொன்னவுடன் நீங்கள் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்ததால் தாங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மாதம் நிறைந்த பிறகு அவருக்கு எழுதலாம் என்று இருந்தேன், நங்கையா. பங்குனியில் எழுதினேன். அவர் போன மறுநாள் அது முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போன வாரம் மாசாணம் அவருடைய மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். தலையில் சுமந்தே வந்திருக்கிறார். கம்பளி, கொசுவலை, போசி, கயிறு, அரிவாள், உப்புப் பை. கூடவே பிரிக்காத என் கடிதம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். கடைசியாகத் தகர டப்பாவைத் திறந்தேன். அதில் நிலவேம்புப் பொடி இருக்கிறது.

நான் கொயினாவைத்தான் போட்டேன். அப்படித்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் கொடுத்த நிலவேம்பும் கொயினாவும் ஒரே மாடத்தில் இருந்தன. அந்த இரண்டு நாளும் எனக்குத் தலை கிறுகிறுவென்று இருந்தது. எதை எடுத்து எதில் வைத்தேனோ தெரியவில்லை. கோயமுத்தூர் வீட்டைக் காலி செய்யும்போது மூலை முடுக்கெல்லாம் தேடினேன். கொயினா இல்லை. குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது.

மாசாணம் அழுதுகொண்டே சொன்னார்: "முகாம்ல குடுத்த மருந்தை அண்ணன் எனக்குக் குடுத்துப்போட்டாருங்க. நானும் வாங்கித் தின்னுபோட்டனுங்க." அவர் ஏன் கொடுத்தார்? நான் கட்டிக்கொடுத்த டப்பா இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே கொடுத்திருப்பார்?

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நீங்கள் அவரை வளர்த்தவர்கள். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுதுங்கள்.

சாந்தாமணி

*

வெள்ளகோவில்
19—5—1935

அம்மணி சாந்தாமணிக்கு ராசாத்தாள் ஆசீர்வாதம். இங்கே மச்சானும் பையனும் சுகம். மழை இல்லை.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நடந்தது நம் கெரகம். காட்டில் பதினோரு பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, நாலு பேர் போயிருக்கிறார்கள். டப்பாவைப் பற்றி யோசிக்காதே. அதைக் கண்ணில் படாமல் எடுத்துப் போடு.

வண்டியில் நெய் ஒரு தூக்கு, பச்சைப்பயறு, நாட்டுச்சர்க்கரை, எள் அனுப்பியிருக்கிறேன். நெய்யை மற்றவர்களுக்கு ஊற்றாதே, நீயே சாப்பிடு. வெயிலில் போகாதே. பாரம் தூக்காதே.

எனக்கும் உடம்பு சரியில்லை. ஆகையால் அதிகம் எழுதவில்லை.

ராசாத்தாள்

*

கருமத்தம்பட்டி
21—6—1935

நங்கையா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பியது வந்தது. அதற்குப் பிறகு நான் இரண்டு கடிதம் எழுதினேன், நீங்கள் பதில் போடவில்லை. என்மேல் கோபம் என்று புரிந்துகொண்டேன். அது நியாயம்தான்.

நெய் அப்படியே இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே உதைக்கிறது. உதைக்கும்போதெல்லாம் அவர் கேட்கிற மாதிரியே இருக்கிறது. இருபத்தைந்து ராத்தலில் ஒன்றரைப் பலம்கூடக் கனமில்லாத ஒரு டப்பா. அதை ஒழுங்காகக் கட்டிக்கொடுக்கத் தெரியாதவள் ஒரு பெண்டாட்டியா? இங்கே பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் என் காதுபடவே சொன்னாள்: "மருந்தை மாத்திக் கட்டி வெச்சுட்டாளாமா, பாவம் அந்தப் பையன்." நான்தான் எல்லோரிடமும் சொன்னேன், ஆகையால் அவளைக் குறை சொல்ல முடியாது.

அம்மா இப்போது என்னைத் தனியாகக் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை. குழந்தை பிறக்கிற வரைக்கும்தான் யோசிக்கிறேன், நங்கையா. அது உங்கள் வீட்டுச் சொத்து. பிறந்ததும் நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவரை வளர்த்த மாதிரி வளர்த்துவிடுங்கள். என் கையால் கட்டின எதுவும் அதற்கு வேண்டாம்.

சாந்தாமணி

*

வெள்ளகோவில்
26—6—1935

சாந்தா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மச்சானிடம் கொடுத்து மறுபடி படிக்கச் சொன்னேன். எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லையோ என்று. அவர் படித்துவிட்டு, "இதுக்கு மேல நீ வாயைத் தொறக்காம இருந்தீன்னா நான் இந்த ஊட்டுல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நீ டப்பாவை மாற்றவில்லை. நான் மாற்றினேன்.

நீ குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போன நேரம். உன் கட்டு நல்ல கட்டு, அவிழ்க்கப் பல்லைப் போட்டு இழுத்தேன். கொயினாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, நிலவேம்பைப் போட்டுத் திரும்ப முடிந்து வைத்தேன். பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று வைத்தியர் சொன்னதை நம்பினேன். காட்டில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டு எழுதினான். நான் அனுப்பவில்லை. அதோடு விடாமல், முகாமில் கொடுப்பதையும் தொடாதே என்று என் தலைமேல் ஆணை போட்டேன். உன் டப்பாவை நம்பி அவன் மாசாணத்துக்குக் கொடுக்கவில்லை, சாந்தா. என் ஆணைக்குப் பயந்து கொடுத்தான். அவன் எழுதிய இரண்டு கடிதமும் இதோடு வைத்திருக்கிறேன், படித்துப் பார். நான் கடைசியில் அனுப்பிய பார்சல் சித்திரையில் திரும்பி வந்தது.

கருமாதியில் உங்கம்மா எழுந்து மார்கழி என்று சொன்னார்களே, அப்போது எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. தை மாதத்தில் நான் அந்த டப்பாவை அவிழ்க்கும்போதே நீ பிள்ளையோடுதான் இருந்திருக்கிறாய். எதற்காக எடுத்தேனோ அது ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நீ வாந்தி வந்து கொல்லைக்கு ஓடியதை நான் பார்த்தேன். வேலை செய்யப் பிடிக்காமல் தம்பி பெண்டாட்டி நாடகமாடுகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பாவிப் புத்தியை என்ன செய்வது?

உனக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். உன் முகத்தை நினைத்தால் கை ஓடவில்லை. நெய் அனுப்பினேன். நீ உன்னையே கொன்றுகொண்டு இருக்கிறாய், நான் பயறும் எள்ளும் அனுப்பிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. சபை கூட்டிப் படிக்கச் சொல். நான் வந்து நிற்கிறேன். ஆனால் சோறு தின்னு, சாமி. உன் கையால் கட்டினது எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

ராசாத்தாள்

*

கருமத்தம்பட்டி
9—2—1936

நங்கையா அவர்களுக்கு சாந்தாமணி எழுதுவது. நாங்கள் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஏழு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய நாலு கடிதங்களும் இருக்கின்றன. பிரிக்கவில்லை. புரட்டாசியில் பெண் பிறந்த சேதி உங்கள் வீட்டு அண்ணாவுக்கு என் அம்மா சொல்லியனுப்பியிருப்பாள்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. நான் கொல்லவில்லை என்று தெரிந்தது. எழுந்து போய்ச் சோறு போட்டு, உங்கள் நெய்யை ஊற்றி, வயிறாரச் சாப்பிட்டேன். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

உங்கள்மேல் மட்டுமில்லை, அவர்மேலும்தான். கொயினா இல்லை என்று எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். தபாலாபீஸ் எங்கள் தெருமுனையில் இருந்தது. மறுநாளே அனுப்பியிருப்பேன். அக்காளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்திருக்கிறார். நான் உங்களோடு சண்டை போட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார். ஆமாம், போட்டிருப்பேன். நாம் இரண்டு பேரும் ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் நடுவில் உட்கார்ந்து முழித்துக்கொண்டு இருந்திருப்பார். அதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?

சபை கூட்டவில்லை. உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, என் அம்மாவைத் தவிர. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

அம்மா தினமும் சொல்கிறாள்: "அத்தைக்காரி மடியில வெச்சுத்தான் பேரு உடோணும் சாந்தா. அஞ்சாவது மாசம் நடக்குது, ஒரு கடுதாசி போடு." என் சித்தி தன் மடியில் வைத்துப் பேர் விடுகிறேன் என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது உங்கள் உரிமை. அதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. உங்களை வாருங்கள் என்று கூப்பிடவும் மனசு வரவில்லை. கூப்பிடலாம் என்று இதுவரை மூன்று தடவை உட்கார்ந்தேன். உங்கள் மடியில் குழந்தையை வைக்கிறதாக நினைத்துப் பார்த்தவுடன் எழுந்துவிட்டேன்.

எப்போது முடியுமோ அப்போது எழுதுகிறேன். நீங்களாக வந்துவிடாதீர்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள், குப்புற விழுகிறாள். இன்னும் பேர் இல்லை. பாப்பா என்று கூப்பிடுகிறோம். அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சாந்தாமணி